இன்ஜின் மேல் கை வைத்துச் சொன்னது

நான் பத்து சொன்னால் ஊரில் ஐந்தைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரி ஏழைக் கழிப்பாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, லாரி சக்கரத்துக்குக் கட்டை போடுகிற கிளீனராக ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு என் பேரில் நாலு பஸ் ஓடுகிறது. பாதி உழைப்பால் வந்தது, பாதி வாயால் வந்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வாய் இல்லாதவனைப் புதுச்சேரி டாக்ஸி ஸ்டாண்டில் அந்தக் காலத்தில் எவன் மதித்தான்?

ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்ட ஆள் ஒருத்தர் இருந்தார். ஊரே அவரை உப்பளத்து மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், உப்பளம் என்கிற பேட்டையில், ஓடு வேய்ந்த ஒரு கிடங்கின் பாதியில் அவர் பட்டறை. மீதிப் பாதியில் வீடு. ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, காதில் ஒரு சாக்பீஸ். எந்த வண்டி வந்தாலும் சாவியை வாங்க மாட்டார். பானெட்டைத் திறந்து, ஓட்டுகிறவனைக் கூப்பிடுவார்.

"கையை வெய்யிப்பா."

ஆறிப்போன இன்ஜின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்துக்கொண்டு, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவாய், எத்தனை ஆள் ஏற்றுவாய், எவ்வளவு தூரம், வாரத்துக்கு எத்தனை நாள் என்று அவர் கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டும். கோர்ட்டுக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கும். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "நீ சொல்றது அதுக்கும் கேக்கட்டும்" என்பார். சொன்னதைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவிடுவார். அந்த அளவுக்குத்தான் வேலை. கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

முதலில் அவர் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஒருநாள் மேனேஜர் ஏதோ கோபத்தில், "இஷ்டமில்லன்னா நாளையிலேர்ந்து வராதே" என்று கத்தியிருக்கிறார். மறுநாள் இவர் போகவில்லை. மூன்று தடவை ஆள் அனுப்பினார்கள். "வராதேன்னு சொன்னாரே" என்று அந்த ஆளிடமே கேட்டாராம். வீம்பு இல்லை, கோபமும் இல்லை. சொன்னார், அதனால் போகவில்லை, அவ்வளவுதான். அப்படித்தான் உப்பளத்துக்குப் பட்டறை வந்தது.

அவர் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்னிடம் ஒருநாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தது. "இந்த ஆள்கிட்ட கோவத்துல ஒரு பேச்சு பேச முடியாது தம்பி. பத்து நாளைக்கு எங்கிட்ட பேசாதய்யான்னு ஒரு தடவ சொல்லிட்டேன். பத்து நாளும் பேசல. பதினோராம் நாள் காலையில எழுந்து, 'இன்னா கொழம்பு?'ன்னு கேக்குது."

இவரிடம் பெருமை பேசி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வீராம்பட்டினத்துப் படகுக்காரர் ஒருத்தர் விசைப்படகு வைத்திருந்தார். சுற்றி நாலு பேர் நின்ற தைரியத்தில், இன்ஜின் மேல் கையை வைத்து, "தெனம் ரெண்டு டன்னு மீன் ஏத்திகினு வருவேன் மேஸ்திரி" என்றார். மேஸ்திரி ரெண்டு டன் என்று எழுதினார். அதற்குத் தகுந்தபடி அடியில் இரும்புச் சட்டம், தடித்த ஷாஃப்ட், பெரிய பேரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தார். தினம் நாலு கூடை மீன் பிடிக்கிற படகு அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு எருமை மாதிரி நகர்ந்தது. படகுக்காரர் வந்து கத்தினார்.

"ரெண்டு டன்னு ஏத்திப் பாத்தீங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ரெண்டு டன்னு எங்கய்யா கெடைக்குது கடல்ல?"

"அப்ப ஏன் சொன்னீங்க?"

கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். என் முறை வரும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கார். பழசு. மீட்டரில் மைல் கணக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வக்கான்ஸ் என்று லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்து இறங்குவார்கள். மெட்ராஸுக்குப் போய், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வரவும், திரும்பக் கொண்டுபோய் விடவும் கார் வேண்டும். டாக்ஸிக்காரனுக்கு வருஷத்தில் அந்த ரெண்டு மாசம்தான் சோறு. மற்ற மாசமெல்லாம் கஞ்சி.

அந்தச் சோற்றில் பெரிய பங்கு ரத்தினவேலு அண்ணனுக்குத்தான் போகும். வயசானவர், புதுக் கார் வைத்திருந்தார். ஆனால் ஐம்பது மைலைத் தாண்ட மாட்டார். "அண்ணன் வண்டிய நத்தை ஓவர்டேக் பண்ணுது" என்று ஸ்டாண்டில் நான்தான் பரப்பினேன். மூன்றரை மணி நேர வழியை ரெண்டரை மணியில் போய்க் காட்டினால், அத்தனை சொல்தா வீடும் என் வாசலில் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஊரைக் காலி செய்து போன ஒரு வெள்ளைக்காரர் காரிலிருந்து இரட்டைக் கார்புரேட்டர் ஒன்று என் கைக்கு வந்திருந்தது. அதை மாட்டி, ஹெட்டை இழைத்து, கேம் ஷாஃப்டையும் மாற்றினால் ஐம்பது குதிரை இன்ஜின் எழுபது குதிரைக்குப் போகும். ஜூன் கடைசியில் மேஸ்திரியிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"கையை வெய்யிப்பா."

வைத்தேன்.

"எவ்ளோ வேகத்துல போவே?"

"எண்பது மைலு. திண்டிவனம் தாண்டினா செங்கல்பட்டு வரைக்கும் மிதிச்ச காலை எடுக்க மாட்டேன்."

எண்பது என்று எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்: "அப்ப இன்ஜினை எறக்கணும். நாப்பது நாளு."

"மேல்வேலைதானே மேஸ்திரி? மூணு நாளு போதுமே."

"குதிரையை ஏத்தறது மேல. அது ஒதைக்கிற ஒதை எல்லாம் கீழ வாங்குது. சுத்தற தண்டு, அந்தக் கிராங்க்கை மெட்ராஸுக்கு அனுப்பிக் கடைஞ்சு, எடை சமன் பண்ணணும். பிஸ்டனைப் புடிச்சிருக்கிற ராடு நாலையும் தேய்ச்சு, விரிசல் இருக்கான்னு பாக்கணும். போல்ட்டு மாத்தணும். கிராங்க்கைத் தாங்கற மூடிக்கு மேல இரும்புப் பட்டை குடுக்கணும். எண்பதுல இழுத்துப் பிடிச்சு ஓட்டறவனுக்கு இது இல்லாம வண்டியக் குடுக்கறது பாவம்."

நாற்பது நாள் என்றால் சீசனில் பாதி போய்விடும். ரத்தினவேலு அண்ணன் முழுசாக அள்ளிக்கொண்டு போய்விடுவார். நான் யோசித்தேன். என் ஆயுசிலேயே முதல் தடவையாக, சொன்னதைக் குறைத்தேன்.

"மேஸ்திரி, சும்மா வாய்ச் சவடால்ல சொல்லிட்டேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்களை ஏத்தறவன் நானு. குலுங்காமப் போவணும். மெட்ராஸு போனாலும் அம்பதுதான். ஏறு ரோட்ல கொஞ்சம் இழுவை வேணும், அதுக்குத்தான் கேக்கறேன்."

"நெஜமாவா?"

உள்ளங்கை இன்ஜின் மேலேயே இருந்தது. "நெஜமா."

அவர் முழங்கையால் எண்பதை அழித்தார். ஐம்பது என்று எழுதினார். "அம்பதுக்குக் கீழ்வேலை தெண்டம்பா. இருக்கிற கிராங்க்கே அதுக்கு ஜாஸ்தி. தேவையில்லாத வேலைய நான் செய்ய மாட்டேன். பேரிங்கை மட்டும் பாத்து மாட்டித் தரேன்."

தண்ணீர் கலக்காமல் நம்பினார். ஊரே என் பேச்சில் பாதியைத் தள்ளும்போது, இவர் ஒருத்தராவது முகத்தைச் சுளித்து, "போய்யா, நீயாவது, அம்பதாவது" என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்று நாளில் கார் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூன்று வாரம் நான்தான் ராஜா. "அந்தக் கறுப்பு வண்டிய வரச் சொல்லு" என்று சொல்தா வீட்டு மதாம்கள் ஆள் அனுப்பினார்கள். உப்பளம் பக்கம் போனால் மட்டும் காலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக உருட்டுவேன். மேஸ்திரி பட்டறை வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"வண்டி எப்பிடிப் போவுது?"

"அம்பதுல ஜம்முன்னு போவுது மேஸ்திரி."

"சந்தோஷம்பா."

மூன்றாவது வாரக் கடைசியில் ரோஸ்லின் என்று ஒரு பெண் ஏறியது. புருஷன் பிரான்சில். ஒன்றரை வயதுப் பிள்ளையை அந்த மனுஷன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. போவதற்கான பேப்பர் கையில் கிடைக்கவே நாளாகிவிட்டது. மறுநாளோடு அதன் தேதி முடிகிறது. மத்தியானம் பம்பாய் விமானத்தைப் பிடித்தால்தான் அங்கிருந்து அடுத்த விமானம். விட்டால் திரும்ப முதலிலிருந்து எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் புறப்படவே நேரமாகிவிட்டது. "நீங்க இருக்கீங்கன்னுதான் அண்ணே பயமில்லாம இருக்கேன்" என்றது. எண்பத்தைந்தில் மிதித்தேன்.

அச்சிறுபாக்கம் தாண்டியதும் கீழே டக் டக்கென்று ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஓர் அடி. ராடு ஒன்று முறிந்து இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோடு நெடுக எண்ணெய். குழந்தை வீறிட்டது. ரோஸ்லின் அழவில்லை. கைப்பையைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்துத் தேதியைப் பார்த்தது, மடித்து வைத்தது, திரும்ப எடுத்துப் பார்த்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. ரோட்டுக்கு நடுவில் போய் நின்றேன்.

கால் மணி கழித்து ஐம்பது மைலில் ஒரு கார் வந்தது. ரத்தினவேலு அண்ணன். முன்சீட்டில் சொல்தா வீட்டு ஐயா, முசே என்போமே, அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், பின்சீட்டு காலி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னா தம்பி, நத்தைக்கு வழி உட்டு நிக்கறியா?" என்றார். அத்தோடு விட்டார். கீழே இறங்கி, பெட்டியை அவரே தூக்கி வைத்தார். "ஏறும்மா. புடிச்சுடலாம்."

விமானத்தைப் பிடித்துவிட்டார்கள். "பாப்பாவுக்குப் பால் வாங்கிக் குடுக்கக்கூட நேரம் இருந்துச்சு" என்று மறுநாள் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் விழும்படி அண்ணன் சொன்னார். அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மானம் போகிறதே என்று, "நான் இன்னா பண்றது? மேஸ்திரி வேலை சரியில்ல. பேரிங்கை ஒழுங்கா மாட்டல" என்று சொல்லிவிட்டேன். வழக்கமாக என் பேச்சில் பாதியைக் கழிக்கிற ஊர், இதை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டது.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து உப்பளத்தில் போட்டார்கள். மேஸ்திரி அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். முறிந்த ராடையும், நீலம் பாய்ந்து கருகிப்போன பேரிங்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இந்த ஆளு ராக்கெட்டு மாதிரி ஓட்டறாருன்னு ஊரே சொல்லுதே மேஸ்திரி" என்றார்.

"இல்ல. அம்பதுன்னு கை வெச்சு சொன்னாரு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார். ஐம்பது என்று அப்படியே இருந்தது. "அம்பதுக்கே தாங்கலியே" என்றார். "பேரிங்ல எண்ணெய்க்கு நான் உட்ட இடைவெளி தப்பு. என் கை தப்பு. கைப்பிள்ளையோட ஒரு பொண்ணு நடுரோட்ல நின்னுச்சாமே? உன் வண்டிய நான் செஞ்சு குடுத்துடறேன்பா. அதோட போதும்."

அதோடு போதும் என்றதற்கு எனக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. பேச்சு அடங்கட்டும் என்று ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் காலையில் போனபோது அதே வீராம்பட்டினத்துப் படகுக்காரர் வாசலில் நின்று மன்றாடிக்கொண்டிருந்தார். எருமைப் படகு என்று கத்தினவர்தான். "வேற யாருகிட்ட போவச் சொல்ற மேஸ்திரி?"

"வேற ஆளைப் பாருங்க. என் கைக்கு அளவு போயிடுச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். மைக்ரோமீட்டரை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து சொல்கிற கருவி. மில்லை விட்டு வந்தபோது வாங்கியது. பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்கிற மாதிரிச் சுற்றினார். அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தது. "ராத்திரி முழுக்கத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துகினு கெடக்குது தம்பி" என்றது.

நேராக மூலைக்குப் போனேன். ஓட்டை விழுந்த பிளாக் அங்கே கிடந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"எண்பது" என்றேன். "அன்னிக்கு எண்பத்தஞ்சு. மூணு வாரமா அப்பிடித்தான் ஓட்டினேன். நாப்பது நாளு வண்டி நின்னுடுமேன்னு பொய் சொன்னேன் மேஸ்திரி. ஸ்டாண்டுல உங்க மேல பழி போட்டதும் நான்தான்."

அவர் சுற்றுவதை நிறுத்தினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எத்தினி ட்ரிப்பு?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதும் எண்பதுலயா?"

"ஆமா."

எழுந்து வந்தார். முறிந்த ராடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் விரிந்தது. "கேட்டியா?" என்று அக்காவைக் கூப்பிட்டார். "அம்பதுக்குச் செஞ்சது எண்பதுல பத்தொம்பது ட்ரிப்பு தாங்கியிருக்கு! போவ வர, ரெண்டு வழியும்!"

"மொதல்ல அந்த ஆளு பொய் சொன்னதுக்குத் திட்டுய்யா" என்றது அக்கா.

"அதான் பொய்யின்னு அவரே சொல்லிட்டாரே" என்றார். போய் மைக்ரோமீட்டரைத் துணியிலிருந்து அவிழ்த்தார். வாசலில் நின்ற படகுக்காரரைப் பார்த்து, "உள்ள வாங்க, கையை வெய்யிங்க" என்றார். படகுக்காரர் இந்தத் தடவை, "நாலு கூடைதான் மேஸ்திரி, சத்தியமா நாலே கூடை" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போனேன். என் வாய் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசாக, ரத்தினவேலு அண்ணன் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். சிரிப்பும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

சீசன் எனக்குப் போனது போனதுதான். பழைய இரும்புக் கடையில் நாலு ராடோடு வேறொரு பிளாக் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். மேஸ்திரி மறுபடியும் கையை வைக்கச் சொன்னார். எண்பது என்று வாய் வரைக்கும் வந்தது. அறுபது என்றும் வந்தது. நான் எப்படி ஓட்டுகிறவன் என்று எனக்கே தெரியாது என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. ஆட்களை நினைத்துப் பார்த்தேன், ரோட்டை நினைத்துப் பார்த்தேன்.

"எழுபது."

"நெஜமாவா" என்றுகூட அவர் கேட்கவில்லை. எழுதிவிட்டார். அவ்வளவு நடந்த பிறகும் மறுபடி முழுசாக நம்பினார்.

"எழுபதுக்குக் கீழ்வேலை வேணும்பா. நாப்பது நாளு."

"செய்யுங்க மேஸ்திரி."

தினம் போய் உட்கார்ந்து பார்த்தேன். ராடுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் ஈரக்கோடு ஊறி வரும். மூன்று ராடில் ஒன்றும் வரவில்லை. நாலாவதில் நகக்கீறல் அளவுக்கு வந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தார்.

இப்போதும் என் பஸ் டிரைவர்கள் வாங்கி ஓட்டுகிற பைக்கையும் காரையும் காட்டி, "முதலாளி, பவரை ஏத்தறேன், கீழ்வேலை அவசியமா, தெண்டமா?" என்று கேட்பார்கள். என்னைவிட வாய் நீளமான பயல்கள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது என்பேன். எப்படி ஓட்டுவாய், அதைச் சொல். பானெட்டைத் திறந்து கையை வைக்கச் சொல்வேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். பாதிப் பேர் கையை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு ஜூலையில் ரோஸ்லின் வந்தது. புருஷனும் கூட வந்திருந்தார். பிள்ளை அவர் தோளில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மீனம்பாக்கத்தில் என் காரைத்தான் தேடி வந்து ஏறினார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் நேர் ரோடு. இன்ஜின் சத்தமே இல்லாமல் இழுத்தது.

"உங்க வண்டி பறக்கும்னு இவ சொன்னாளே" என்றார் அந்த முசே, மீட்டரை எட்டிப் பார்த்து. "எழுபதுலயே நிக்குதே. இதுக்கு மேல சக்தி இல்லியா?"

"இருக்கு முசே. நல்லா இருக்கு."

"பின்ன?"

"எழுபதுன்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.